தள்ளிக்கொண்டு போன வண்டி

பழைய மோட்டார் சைக்கிளைத் தூசி தட்டி ஓட வைப்பது இப்போது ஒரு மோகமாகி இருக்கிறது. மைசூரில் 1961இல் தொடங்கி 1996இல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா கம்பெனியின் வண்டிகளுக்கு ஊருக்கு ஊர் அபிமானிகள் உண்டு. அந்த மோகத்தை நம்பித்தான் ஜாவா என்கிற பெயரை 2018லும் யெஸ்டி என்கிற பெயரை 2022லும் மறுபடி சந்தைக்குக் கொண்டு வந்தார்கள். தாத்தாவின் புல்லட், அப்பாவின் ராஜ்தூத் என்று ஆளாளுக்குப் பெருமை பேசுகிறார்கள். பேசட்டும். அந்த வண்டிகள் ஏன் நின்றன என்று கேட்டால் லேசாகப் பதில் வரும். வீட்டுக்குக் கார் வந்தது, பெட்ரோல் விலை ஏறியது, சாமான் கிடைக்கவில்லை, பையன் வேறு வண்டி வாங்கினான். எங்கள் வளவில் ஒரு ராஜ்தூத் 27 வருசம் நின்றது. அது நின்ற காரணம் இந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு ரிக் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன். ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகளுக்கு எங்கள் ஊர் பேர் போனது. ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று தண்ணி தேடுகிற ஊர்களுக்கெல்லாம் இங்கிருந்து வண்டி போகும். வண்டிக்கு முதலாளி ஒருவர் இருப்பார். ராடு மாட்டவும் கழட்டவும், கல்மாவு பறக்கிற இடத்தில் ராத்திரி பகலாக நிற்கவும் ஆள் வேண்டும். எங்கள் அருந்ததியர் வளவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் அப்படிப் போனார்கள். எங்கய்யனும் போச்சு. போனால் ஆறு மாசம், எட்டு மாசம் கழித்துத்தான் வீடு திரும்பும். காதுக்குள், தலைமயிருக்குள் எல்லாம் வெள்ளை மாவு.

அந்தக் காசில் 1993இல் வாங்கியதுதான் ராஜ்தூத். சங்ககிரிப் பக்கம் ஒரு பால்காரர் ஓட்டிய 1985 வண்டி. போலந்து நாட்டு வண்டி ஒன்றின் அமைப்பை வாங்கி எஸ்கார்ட்ஸ் கம்பெனி செய்தது. முரட்டு வண்டி. பால் கேனைக் கட்டினாலும் தீவனக் கட்டைப் போட்டாலும் இழுக்கும். அப்போது நாமக்கல் மாவட்டம் கிடையாது, 1997இல்தான் பிரிந்தது. அதனால் சேலத்துப் பதிவு, மூன்று எழுத்து போட்ட பழைய நம்பர். வாங்கின கையோடு இஞ்சினை இறக்கிச் சிலிண்டரைப் போர் பண்ணி, புதுப் பிஸ்டனும் புதுக் கிக்கர் பல்லும் போட்டுச்சு. எங்கள் வளவுக்கு அதுதான் முதல் மோட்டார் சைக்கிள்.

மெயின் ரோட்டிலிருந்து வளவுக்கு வர வேண்டுமானால் கவுண்டர் வீதியைக் கடக்க வேண்டும். கோயில் முனையில் ஆரம்பித்துத் தண்ணித்தொட்டி வரைக்கும் நூறு தப்படி இருக்கும். இன்னொரு வழி இட்டேறி. மழைக்காலத்தில் முழங்கால் சேறு, மற்ற நாளில் முள். வீதியில் எங்கள் ஆட்கள் சைக்கிளில் வந்தாலும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும்.

அய்யன் கோயில் முனைக்கு வந்ததும் இஞ்சினை நிறுத்தி, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நூறு கிலோவுக்கு மேலான வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். தண்ணித்தொட்டியைத் தாண்டியதும் மறுபடி உதைத்து ஸ்டார்ட் பண்ணும். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. பின்னால் உட்கார்ந்து வந்த அம்மாவும் நானும் இறங்கி நடப்போம். நான் கேரியரைப் பிடித்துத் தள்ளுவேன். அஞ்சாறு வயசு எனக்கு. அது ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். வண்டி என்றால் பாதித் தூரம் ஓட்டுவது, பாதித் தூரம் தள்ளுவது.

1998 ஐப்பசி. ஆந்திராவிலிருந்து வந்திருந்த சமயம். ராத்திரி பதினொரு மணிக்கு நல்ல மழை. வீதியில் ஒரு குஞ்சு இல்லை. அய்யன் இறங்கவில்லை, ஓட்டிக்கொண்டே வந்துவிட்டது. சைக்கிளாக இருந்தால் சத்தமில்லாமல் போயிருக்கும். ராஜ்தூத் சத்தம் தூங்குகிறவர்களுக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் கூப்பிட்டு அனுப்பினார்கள். "அடிக்கலீடா கண்ணு. மருவாதியாத்தான் பேசுனாங்க" என்று எங்கய்யன் இன்றைக்கும் சொல்லும். அந்த மருவாதி இதுதான்: "வண்டி வெச்சுக்க, வேண்டாங்கல. உம்பட தம்பிக ரெண்டு பேரும் நம்ம தோட்டத்துலதான் இருக்கறாங்க. ரோசன பண்ணிக்க." சித்தப்பாமார் இரண்டு பேருக்கும் அங்கேதான் வேலை. எங்கம்மாவும் சித்திமாரும் அங்கேதான் களை வெட்டப் போனார்கள். மாட்டுக்குத் தீவனம் அந்தக் காட்டு வரப்பில். கல்யாணத்துக்கு வாங்கிய கடனும் அங்கேதான். அய்யன் ரோசனை பண்ணுச்சு. வண்டியை வீட்டுக்குப் பின்னால் தகரச் சாய்ப்பில் நிறுத்தி, சாக்கைப் போட்டு மூடுச்சு. டேங்கில் இருந்த பெட்ரோலைக்கூட வடிக்கவில்லை. நாளைக்கோ நாளன்றைக்கோ எடுக்கலாம் என்று இருந்திருக்கும்.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள உறவை அம்பேத்கரின் அனுபவக் குறிப்புகளில் படிக்கலாம். 1901இல் சிறு பையனாக, அண்ணனோடும் அக்கா மகனோடும் மாசூர் ரயில் நிலையத்தில் இறங்கி அப்பாவைப் பார்க்கப் போகிறார். இவர்கள் மகர்கள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர் யாரும் வரவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டை வாடகைக்குச் சம்மதித்தார். நிபந்தனை என்னவென்றால் பையன்களே மாட்டை ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார். 1929இல் அதே அம்பேத்கர் வெளிநாட்டில் படித்த பாரிஸ்டர். சாலிஸ்கானில் குதிரை வண்டிக்காரர்கள் அவரை வைத்து ஓட்ட மறுத்தார்கள். வண்டி தருகிறோம், ஓட்ட மாட்டோம் என்றார்கள். ஓட்டிப் பழகாத ஒரு மகர் ஓட்டினார். பாலத்தில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தது. காசு கொடுத்தாலும் படித்தாலும் வண்டியில் யார் உட்காரலாம், யார் ஓட்டலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. எங்கள் வீதியிலும் வண்டி வைத்திருப்பதை யாரும் தடுக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவன் தலைக்கு மேலே எங்கய்யன் தலை தெரிவதுதான் பொறுக்கவில்லை.

2025 செப்டம்பரில் ஒரு காயலாங்கடைக்காரர் வந்து எடைக்கு மூவாயிரம் கேட்டார். அய்யன் கொடுத்துவிடச் சொல்லுச்சு. நான் முடியாது என்றேன். மினி டோரில் ஏற்றித் திருச்செங்கோட்டில் பழைய வண்டி பார்க்கிற ஒரு பாயிடம் கொண்டு போனோம். அறுபதைத் தாண்டியவர். ராஜ்தூத் என்றதும் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ரொம்ப நாள் நின்ற வண்டியை எடுத்தவுடன் உதைக்கக் கூடாது என்றார். பிளக்கைக் கழட்டிச் சிலிண்டருக்குள் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு நாள் விட்டார். மூன்றாம் நாள் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்ல அசைத்தார். பிஸ்டன் இளகியது. டேங்குக்குள் துரு பிசின் மாதிரி பிடித்திருந்தது. பொடிக்கல்லும் மண்ணெண்ணெயும் போட்டு அரைமணி நேரம் குலுக்கினோம். செங்காமட்டித் தண்ணி மாதிரி வந்தது. கார்புரேட்டர் ஜெட் இரண்டும் அடைப்பு, மெல்லிய செப்புக் கம்பியை விட்டு எடுத்தார். பாயிண்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார், கண்டென்சர் மாற்றினார். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஆயில் சீல் கல்லாகியிருந்தது. டயர், டியூப், கேபிள், பிரேக் சூ எல்லாம் புதுசு. கிடைக்காத சாமான்களைச் சென்னை புதுப்பேட்டையிலிருந்து பார்சலில் வரவழைத்தோம். கிடைக்கவே கிடைக்காத ஒரு புஷ்ஷை ரிக் வேலை பார்க்கிற கடைசல் பட்டறையில் கடைந்து வாங்கினோம். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

இஞ்சினைப் பிரித்து வைத்துப் பார்த்த அன்றைக்கு அய்யனும் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது. பாய் சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "தம்பி, போர் பண்ணின கோடுகூட முழுசா அழியல பாருங்க. இஞ்சின் ஓடவே இல்ல. ஆனா இந்தக் கிக்கர் பல்ல பாருங்க, மழமழன்னு தேஞ்சு கெடக்கு. இருபது வருசம் ஓடின வண்டியிலகூட இப்படித் தேயாது. உங்கப்பா என்ன, ஸ்டார்ட் பண்றதும் நிறுத்தறதுமாவே இருந்தாரா?"

அவருக்கு எங்கள் வீதிக் கதை தெரியாது. அய்யன் "ஆமாங்க பாய்" என்று மட்டும் சொல்லுச்சு.

அந்தப் பல்லை நான் வாங்கி வைத்திருக்கிறேன். தீண்டாமைக்கு ஆதாரம் எங்கே, எழுத்தில் உண்டா, சாட்சி உண்டா என்று கேட்கிறார்கள். இரும்பில் இருக்கிறது.

வழக்கமான வழியைத் தடுப்பது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலேயே குற்றம்தான். 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை இன்னும் விளக்கமாகச் சொல்கிறது. பொது இடத்தில் தலித் ஒருவர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்பு போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதை, ஊர்வலத்தில் குதிரை ஏறுவதைத் தடுத்தால் குற்றம். இந்தப் பட்டியலை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். நடக்காத ஒன்றைச் சட்டத்தில் யாரும் எழுதுவதில்லை. நாட்டின் பாராளுமன்றம் மோட்டார் சைக்கிள் என்று பேர் சொல்லி எழுத வேண்டி வந்தது 2015 டிசம்பரில். எங்கய்யன் வண்டியை மூடி வைத்துப் பதினேழு வருசம் கழித்து.

எங்கம்மாவுக்குச் சட்டமெல்லாம் நம்பிக்கையில்லை. "எதுக்குடா சாமி இந்த வெனை? சும்மா கெடக்கறது கெடக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்துச்சு. அம்மாவின் பயத்தை மூடத்தனம் என்று தள்ள முடியாது. 2015 ஜூன் 23 அன்று எங்கள் ஊர் மலைக்கோயிலுக்கு வந்த கோகுல்ராஜ், மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தண்டனை வந்தது சரி, ஆனால் எங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்கு அதற்குப் பிறகு பையன் வீடு வர நேரமானால் வயிறு கலங்குகிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டிய தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். சாதியைச் சொல்லித் திட்டி வெட்டியதாக வழக்கு. ஆக்சிலேட்டரும் கிளட்சும் பிடிக்கிற கைகள். அந்தச் செய்தியை அம்மா டிவியில் பார்த்திருந்துச்சு.

நான் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது எங்கள் வளவில் வீட்டுக்கு ஒரு வண்டி நிற்கிறது. பையன்கள் யாரும் கோயில் முனையில் இறங்குவதில்லை, வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. கரூரிலும் திருப்பூரிலும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், தோட்டத்துக் கூலியை நம்பியில்லை. கூலி மாறியதும் கால் தரையிலிருந்து எடுபட்டது. ஆனால் அறுபது வயசு தாண்டியவர்கள் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வந்தாலும் அங்கே இறங்குகிறார்கள். என் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வரும்போதும் அய்யனுடைய கால் கோயில் முனையில் கீழே தேடும். யாரும் சொல்வதில்லை, காலுக்கே தெரியும். ராஜ்தூத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று நான் நின்றது இதனால்தான்.

பதிவுப் புத்தகம் 2000த்தோடு காலாவதி. பழைய மூன்றெழுத்து நம்பரைக் கணினியில் ஏற்ற வேண்டும். படிவம் 25 எழுதி, வண்டியை நேரில் காட்டி, இன்சூரன்சும் புகைச் சான்றும் வைக்க வேண்டும். 2025 ஆகஸ்டு அறிவிக்கைப்படி இருபது வருசம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் 2,000 ரூபாய், பசுமை வரியும் தாமதக் கட்டணமும் தனி. பட்டறைச் செலவு இருபத்திரண்டாயிரத்தைத் தாண்டியது. காயலாங்கடை விலைக்கு ஏழு மடங்கு. கணக்குப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். படிவத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் அய்யன் தன் கையால் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுச்சு.

காகிதமெல்லாம் கைக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வீதியில் ஆள் இருக்கிற நேரம். நான் ஓட்டினேன், அய்யன் பின்னால். கோயில் முனை வந்ததும் என் தோளில் இருந்த கை இறுகியது. இரண்டாவது கியரிலேயே போனேன். திண்ணையில் இரண்டு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். தண்ணித்தொட்டியைத் தாண்டினோம். கை தளர்ந்தது. "பொகை ஜாஸ்தி. ஆயிலக் கொஞ்சம் கொறைக்கோணும்" என்று சொல்லுச்சு.

இரண்டு நாள் கழித்து அதே வீதிப் பையன் ஒருவன், கோயமுத்தூரில் படிக்கிறவன், வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "அண்ணா, செம கண்டிசன். எழுபதாயிரம் வாங்கித் தர்றேன், குடுக்கறீங்களா?" என்றான். நல்ல பையன். 1998இல் அவன் பிறக்கவில்லை. இந்த வண்டி ஏன் இவ்வளவு கண்டிசனாக இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொன்னேன், கிக்கர் பல்லையும் எடுத்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போனான்.

எங்கம்மா இன்னும் அந்த வண்டியில் ஏறவில்லை.

உங்கள் சேரியிலும் வளவிலும் காலனியிலும் இப்படி ஒரு வண்டி சாக்குக்கு அடியில் நிற்கலாம். வண்டி இல்லாவிட்டால் குடை, செருப்பு, டிரான்சிஸ்டர், கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. ரிப்பேரான சாமான் என்று வீட்டில் சொல்வார்கள். தோழர்களே, எந்த வருசம், எந்த வீதியில், யார் என்ன சொன்ன பிறகு அது உள்ளே போனது என்று கேளுங்கள். கேட்டதை எழுதி அனுப்புங்கள். காயலாங்கடைக்காரர் வருவதற்குள் எழுத வேண்டும்.