சொந்த அறையின் எண்ணும் ரகசியம்தான்!

புது போன் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "ராம் எவ்வளவு?" ஆறு ஜி.பி.யா, எட்டா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த எட்டு ஜி.பி.க்குள் வாட்ஸ்அப் எங்கே உட்கார்ந்திருக்கிறது, வங்கி ஆப் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் வராது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆப்களுக்கே தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது.

ஒரு பெரிய கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொண்டால் விஷயம் எளிது. வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேனேஜர் அறைகள் ஒதுக்குகிறார். ஆனால், உண்மையான அறை எண்ணைச் சொல்வதில்லை. "உங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று" என்கிறார். பக்கத்துக் குடும்பத்துக்கும் அதே ஒன்று, இரண்டு, மூன்றுதான். எந்த 'ஒன்று' நிஜத்தில் எந்த அறை என்பது மேனேஜரின் பதிவேட்டில் மட்டும் இருக்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் செய்வது இந்த மேனேஜர் வேலையைத்தான். அறைக்குப் பெயர் 'பேஜ்'. பெரும்பாலும் ஒரு பேஜ் 4,096 பைட்.

ஆண்ட்ராய்டு போன்களுக்கு அடியில் ஓடும் லினக்ஸ், 2008-ல் இந்தப் பதிவேட்டைப் பார்க்க ஒரு ஜன்னல் திறந்தது. 'பேஜ்மேப்' என்று பெயர். நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். எந்த புரோகிராம் எவ்வளவு மெமரியைத் தின்கிறது என்று கண்டுபிடிக்க வல்லுநர்களுக்கு அது தேவைப்பட்டது. ஒரு புரோகிராம் தன் சொந்த அறைகளின் நிஜ எண்ணைத் தானே பார்த்துக்கொள்ளலாம். தன் அறை எண்ணைத் தான் தெரிந்துகொள்வதில் என்ன தப்பு?

2014 வரை யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. அந்த ஆண்டு கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்டெல் நிறுவனத்தாரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ராம் சிப்பில் தகவல் இருப்பது துளித்துளி மின்னேற்றமாக. அது கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், சுமார் 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். அதற்குள் ஒரு வரிசையை மட்டும் விடாமல் லட்சக்கணக்கான முறை திறந்து மூடினால், பக்கத்து வரிசையின் மின்னேற்றம் கசிந்து 0 என்பது 1 ஆகிவிடுகிறது. இடைவிடாமல் சுவரைத் தட்டினால், அடுத்த அறை அலமாரியிலிருந்து பாத்திரம் விழுமே, அப்படி. 129 மெமரி மாட்யூல்களைச் சோதித்ததில் 110-ல் இந்தக் கோளாறு இருந்தது. இதற்கு 'ரோஹேமர்' என்று பெயர் வந்தது.

பாத்திரம் விழுந்தால் போகட்டும் என்று விட முடியாது. காரணம், மேனேஜரின் பதிவேடும் அதே மண்டபத்தில் ஏதோ ஓர் அறையில்தான் இருக்கிறது. 2015 மார்ச்சில் கூகுளின் 'பிராஜெக்ட் ஸீரோ' குழுவைச் சேர்ந்தவர்கள் அதைச் செய்தே காட்டினார்கள். சுவரைத் தட்டித் தட்டிப் பதிவேட்டில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால், தட்டியவருக்கு மண்டபம் முழுக்கச் சாவி கிடைத்துவிடும்! ஆனால், எந்தச் சுவரைத் தட்டுவது என்று தெரிய வேண்டுமே? அதற்குத்தான் அந்த ஜன்னல் கை கொடுத்தது. சொந்த அறையின் நிஜ எண் தெரிந்தால், பக்கத்து அறை எது என்பதும் தெரிந்துவிடுகிறது.

உடனே ஜன்னலை அடைத்தார்கள். அந்த ஏப்ரலில் வந்த லினக்ஸ் 4.0-ல், நிர்வாகி அதிகாரம் இல்லாதவர் பேஜ்மேப்பைத் திறக்கவே முடியாது.

இங்கேதான் எந்த வீட்டிலும் அலுவலகத்திலும் நடப்பது நடந்தது. திருடனுக்காகப் பூட்டிய கதவில் முட்டிக்கொண்டவர்கள் நல்லவர்கள். அறை எண்ணே தேவைப்படாத புரோகிராம்களும் அதே ஜன்னலைத்தான் நம்பியிருந்தன. 'இந்த அறை இப்போது ராமில் இருக்கிறதா, டிஸ்குக்குப் போய்விட்டதா' என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவை அவை. அதனால் சில மாதங்களிலேயே விதி தளர்ந்தது. ஜன்னலைத் திறக்கலாம், மற்ற விவரங்களைப் பார்க்கலாம், நிஜ அறை எண் இருக்கும் இடத்தில் மட்டும் பூஜ்யம் தெரியும். மறுப்பதிலும் இது நல்ல முறை. எதிரே இருப்பவரைக் குற்றவாளியாக்காமல், கொடுக்கக் கூடாததை மட்டும் கொடுக்காமல் விடுகிறது.

இன்னொரு கதவை மட்டும் ரொம்ப நாள் யாரும் கவனிக்கவில்லை. 'மூவ் பேஜஸ்' என்பது 2006-ல் வந்த கட்டளை. பல மெமரித் தொகுதிகள் உள்ள பெரிய கம்ப்யூட்டர்களில் பேஜ்களை இடம் மாற்ற உதவும். எங்கே மாற்றுவது என்று சொல்லாமல் விட்டால், எந்தப் பேஜ் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். ஒரு புரோகிராமுக்கு சிக்னல் அனுப்ப உரிமை இருந்தால் போதும், இதையும் கேட்கலாம் என்று வைத்திருந்தார்கள். அதாவது, கதவைத் தட்டலாம் என்றால் உள்ளேயும் எட்டிப் பார்க்கலாம்! பாஸ்வேர்டு மாற்றுவது போன்ற வேலைகளைச் செய்யும் புரோகிராம்கள், சாதாரண ஆள் இயக்கினாலும் மேலதிகாரத்தோடு ஓடுபவை. திருடன் குறி வைக்கக் கூடாது என்று, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு முகவரியில் அவற்றை உட்கார வைக்கிறது சிஸ்டம். ஒவ்வொரு முகவரியாக இந்தக் கட்டளையிடம் கேட்டுப் பார்த்தால், அந்த ஒளிவு மறைவு வெளுத்துவிடும்.

2017-ல் ஓட்டோ எபெலிங் என்பவர் சுட்டிக்காட்ட, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே திருத்தினார். ஒரு புரோகிராமின் உள்ளுக்குள் பார்க்கும் உரிமை உள்ளவருக்கு மட்டும்தான் இனி பதில். சில வரிகளில் முடிந்த திருத்தம். ஆனால், கதவு திறந்து கிடந்தது 11 வருஷம்.

இதற்கிடையே 2016-ல், ஆம்ஸ்டர்டாமின் வ்ரையே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு சில பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, சில ஆண்ட்ராய்டு போன்களில் ரோஹேமரைச் செய்து காட்டினார்கள். அவர்களின் ஆப் எந்த அனுமதியும் கேட்கவில்லை. பேஜ்மேப் பக்கமும் போகவில்லை. காலி அறைகளை மேனேஜர் எந்த வரிசையில் கொடுக்கிறார் என்ற அவருடைய பழக்கத்தை வைத்தே, பக்கத்து அறை எது என்று கணித்துவிட்டார்கள்.