கேட்கத் தயங்கிய கேள்வி

அக்காவின் தொடையில் கட்டி இருப்பது எங்களுக்குத் தெரியவந்தபோது அது மாங்காய் அளவாகியிருந்தது. "நோகேல்லைத்தானே" என்று ஒரு வருடமாக மறைத்துவிட்டா. வைத்தியருக்குத் தொடையைக் காட்ட வெட்கமும் ஒரு காரணம். மென்திசுப் புற்றுநோய் என்று முடிவு வந்தபோது அது சுவாசப்பைக்கும் பரவியிருந்தது.

இருதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்த பிறகே கீமோ தொடங்கலாம் என்றார்கள். டொக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை. அளவுக்கு மிஞ்சினால் இருதயத்தைப் பலவீனப்படுத்தும் என்பதால் ஆறு தடவைகளோடு நிறுத்துவதாகத் திட்டம்.

"இதோடு சுகம் வந்திடுமா டொக்டர்?" என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அக்காதான் கேட்டா. வைத்தியர் மறைக்கவில்லை. "முற்றாக மாற்றுவது கடினம் அம்மா. வளரவிடாமல் பிடித்து வைக்கப் பார்க்கிறோம்" என்றார்.

இபோஸ்பமைட் என்ற இன்னொரு மருந்தையும் சேர்க்கலாம் என்றார். 2014இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்றில், ஒரு மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கும் இரண்டும் பெற்றவர்களில் 26 பேருக்கும் கட்டி சுருங்கியதாம். ஆனால் உயிர்வாழ்ந்த காலத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. பக்கவிளைவுகளோ இரண்டு மருந்தில் அதிகம்.

அக்கா யோசித்துச் சொன்னா: "ஒன்று போதும். மகளின்ரை சோதனை முடியுமட்டும் நான் எழும்பி நடமாட வேணும்."

முடி கொட்டியது. வாயில் புண் வந்து கஞ்சி மட்டுமே இறங்கியது. இரண்டாம் தடவைக்குப் பிறகு எடுத்த ஸ்கானில் கட்டி சுருங்கவில்லை, வளரவும் இல்லை. நான் அழுதேன். "பிடிச்சு வைச்சிருக்குதெல்லோ" என்று அக்கா சிரித்தா.

மகள் சோதனைக்குப் போன காலைகளில் அக்காதான் புட்டு அவித்துக் கொடுத்தா. அதன்பின் நோய் மீண்டும் வளர்ந்தது. நான்கு மாதத்தில் எங்களை விட்டுப் போய்விட்டா.

அந்தக் கேள்வியை அக்கா கேட்டிராவிட்டால், சுகம் வரும் என்று நம்பியே அந்த நாட்களைக் கழித்திருப்போம். அவவுக்கு எது முக்கியம் என்று எங்களுக்குத் தெரிந்திராது.

சகோதரிகளே, நோகாத கட்டியென்றாலும் வளர்ந்தால் உடனே காட்டுங்கள். பெண் வைத்தியர் வேண்டுமென்றால் கேளுங்கள். சிகிச்சை தொடங்குமுன், "இது எதற்காக, எதை எதிர்பார்க்கலாம்?" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.