சாத்துக்குடிக்கு ஒரு சாட்சி

வீட்டில் மளிகைக் கணக்கு எழுதும் சகோதரிகளுக்கு ஒரு விஷயம் தெரியும். கூட்டலில் பிசகு நேர்ந்தால், எழுதினவரே பத்துத் தடவை பார்த்தாலும் கண்ணில் படாது. அடுத்த வீட்டு மாமி எட்டிப் பார்த்த மாத்திரத்தில், "இங்கே ஏழு அல்லவா வரவேண்டும்?" என்பாள். மளிகைக் கணக்குக்கு மாமி போதும். மகா மேதைகளின் கணக்கை யார் சரிபார்ப்பது?

சமீபத்தில் தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் வழியில் கந்தர்வக்கோட்டையில் இறங்கினேன். முந்திரி விளையும் சீமை. வாங்கப் போனதும் முந்திரிப் பருப்புத்தான். ஆனால் கண் போனதோ ஒரு தள்ளுவண்டிச் சாத்துக்குடியின் மேல்! கீழ் வரிசையின் பள்ளங்களில் மேல் வரிசை, உச்சியில் ஒரே ஒரு பழம், கோபுரமேதான்.

"ஏன் பாட்டி இப்படி அடுக்குகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"வேற எப்புடிம்மா அடுக்குறது? இப்புடி வச்சாத்தானே நெறையப் புடிக்கும்!" என்றாள் கிழவி.

இதையேதான் 1611-ல் ஜெர்மானிய மேதை கெப்ளர் சொன்னார். ஒரே அளவுள்ள உருண்டைகளை இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாதாம். நூற்றில் 74 பங்கு இடம் நிரம்புமாம். சரி, நிரூபணம்? அதை அவர் கொடுக்கவில்லை. பின்னால் வந்தவர்களாலும் முடியவில்லை. 1998-ல்தான் அமெரிக்கரான தாமஸ் ஹேல்ஸ், நிரூபித்துவிட்டதாக அறிவித்தார். நூற்றுக்கணக்கான பக்கங்கள், போதாதற்குக் கம்ப்யூட்டர் கணக்குகள் வேறு. பண்டிதர்கள் 12 பேர் வருஷக்கணக்கில் பரிசீலித்தார்கள். கடைசியில், "நூற்றுக்கு 99 பங்கு சரி" என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள்!

மிச்சமிருந்த அந்த ஒரு பங்குக்காக ஹேல்ஸ், நிரூபணம் சரிபார்க்கும் சாஃப்ட்வேரின் துணையை நாடினார். அதனிடம், "இதுதான் தெளிவாகத் தெரிகிறதே" என்றெல்லாம் சாதிக்க முடியாது. ஒவ்வொரு படியும் எந்த விதியிலிருந்து வந்தது என்று காட்டவேண்டும். ஒரு படி பிசகினாலும் மேலே நகராது. தாட்சண்யம் கிடையாது, அலுப்பும் கிடையாது. ஆனால், எதை நிரூபிக்க வேண்டும் என்பதைச் சரியாக எழுதிக் கொடுக்கும் பொறுப்பு மனிதருடையதே. ஒரு குழுவே பாடுபட்டு, 2014-ல் வேலை முடிந்தது. பாட்டியின் கோபுரத்துக்குப் பூரண சாட்சி கிடைத்தது.

இந்தத் துறையில் நம் ஊரில் படித்தவர் ஒருவரின் பெயரும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 1980-ல் பட்டம் பெற்று, டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்தவர் நடராஜன் சங்கர். எண் கணிதத்தை எத்தனை விதிகளால் கட்டினாலும், விதிகள் ஒன்றுக்கொன்று முரண்படாத வரையில், அவற்றால் நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத வாக்கியம் ஒன்று இருந்தே தீரும் என்பது கோடல் என்பவரின் பிரசித்தமான தேற்றம். அதன் நிரூபணத்தைச் சங்கர் 1986-ல் கம்ப்யூட்டரைக் கொண்டே சரிபார்த்துக் காட்டினார். யந்திரமே தன் எல்லைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மாதிரி!

பிற்பாடு அவரும் சகாக்களும் பி.வி.எஸ். என்ற சாஃப்ட்வேரை உருவாக்கினார்கள். இரண்டு விமானங்கள் வானத்தில் மோதாமல் விலகுவதற்கான கணக்குகளை நாசா விஞ்ஞானிகள் அதைக்கொண்டு சோதித்திருக்கிறார்கள்.

பிள்ளை விமானம் ஏறிவிட்டான் என்று தெரிந்ததிலிருந்து கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, சாத்துக்குடிக்கு வேண்டுமானால் 99 போதும். அங்கே போதுமா, சொல்லுங்கள்!