யாரை உசாவுவது?

கலந்தாலோசனையைக் குறிக்கும் ‘ஷூரா’, ‘மஷ்வரா’ என்னும் அரபுச் சொற்களின் வேரை, தேனடையிலிருந்து தேன் எடுக்கும் செயலோடு தொடர்புபடுத்திக் காட்டுவர் அகராதி ஆசிரியர்கள். திருமறையின் 42ஆம் அத்தியாயம் ‘அஷ்ஷூரா’ என்றே பெயர் பெற்றுள்ளது. நம் தமிழ் முன்னோர் இதனை ‘உசாவுதல்’ என்றனர். இவ்விரு மொழிச் சொற்களிலும் தலை எண்ணுதல் என்னும் பொருள் இல்லை. தேனீக்களை எண்ணுவது வேறு. தேனை எடுப்பது வேறு.

மக்கள் கருத்தை அறிதல் என்பது இன்று பெரும்பாலும் எண்ணுவதோடு நின்றுவிடுகிறது. அதன் குறையை உணர்த்த இரண்டு வினாக்கள் போதும். குடிநீரில் ஃபுளோரைடு கலக்கலாமா? பாலியல் குற்றவாளிகளின் பெயர்ப் பட்டியலை ஊரறிய வெளியிடலாமா? மேலைநாடுகளில் நெடுநாளாக விவாதிக்கப்படும் இவ்வினாக்களைத் திருப்பூரில் கேட்டால் என்ன விடை கிடைக்கும்?

முதலில் நீர். பல்சொத்தையைத் தடுக்கும் நோக்கத்துடன் 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் குடிநீரில் ஃபுளோரைடு கலக்கத் தொடங்கியது. கனடாவின் கால்கரி நகர மன்றம் 2011இல் அவ்வழக்கத்தை நிறுத்தியது. 2021இல் மக்கள் அது மீண்டும் வேண்டுமென வாக்களித்தனர். 2025இல் மறுபடியும் தொடங்கிற்று. நம் மண்ணின் கதையோ நேர்மாறானது. பழைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், ஃபுளோரைடு மிகுந்த நீரால் எலும்பும் பல்லும் கெட்ட மக்களைப் பற்றி 1937இலேயே மருத்துவர்கள் எழுதினர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களை அதே நோயிலிருந்து காக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயலுக்கு வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது இந்தியத் தரம். வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். ஆகவே, குடிக்கும் நீரில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாமல் ‘கலக்கலாமா’ எனக் கேட்பது கேள்வியே அன்று.

மருந்தின் அளவை எவரும் கை தூக்கச் சொல்லித் தீர்மானிப்பதில்லை. அதனை அறிந்தோரிடமே கேட்க வேண்டும். ஆனால் எல்லோரும் குடித்தே தீர வேண்டிய நீர் எல்லோருக்கும் உரிய அமானத். அதில் எதைச் சேர்த்தாலும், எதைக் கொட்டினாலும், குடிப்பவனுடைய இசைவு வேண்டும்.

இந்த உண்மையைத் திருப்பூர் பெருவிலை கொடுத்துக் கற்றது. பாசனத்துக்கென 1992இல் நொய்யலின் குறுக்கே எழுந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரை வெளியே விடாத நிலையை எய்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த நாள்களில் நகரத்தில் வாக்கெடுப்பு நடந்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும்? பனியன் தொழிலால் அடுப்பெரிந்த கைகள் பல. கிணறு கெட்ட கைகள் சில. எனினும் உரிமை அந்தச் சிலரிடமே இருந்தது. ஒருவர்க்கும் தீங்கிழைக்கலாகாது என்னும் ஃபிக்ஹின் அடிப்படை விதி பெரும்பான்மைக்கு விலக்களிக்கவில்லை.

இனிப் பட்டியல். அமெரிக்கா 1996 முதல் இத்தகைய விவரங்களை மக்களுக்கு அறிவிக்கச் சட்டம் செய்தது. இந்தியாவின் தேசியப் பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளம் 2018 செப்டம்பர் 20இல் தொடங்கியது. அது காவல்துறை போன்ற அமைப்புகளுக்கு மட்டுமே திறக்கும். ‘எல்லோருக்கும் திறக்கலாமா’ என்று கேட்டால் ஏறத்தாழ எல்லாக் கைகளும் உயரும். குழந்தை பெற்றவர் எவர்தாம் மறுப்பார்?

நம்மில் சிலர், பிறர் குறையை மறைப்பதே மார்க்கம் என்று எதிர்வாதம் செய்வர். புறம் பேசுதல் பெரும் பாவமே. ஆயினும் இமாம் நவவி ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் ஆறு விலக்குகளை எடுத்துரைக்கிறார். தீங்கிலிருந்து மக்களை எச்சரிப்பது அவற்றுள் ஒன்று. குழந்தையைச் சீரழித்த ஒரு மனிதனை ஜமாஅத்தின் மானம் கருதி ஓசையின்றி வேறூருக்கு அனுப்பிவைப்பது குறை மறைத்தல் ஆகாது. அந்த வேறூரின் குழந்தைகளைக் காட்டிக்கொடுத்தல் ஆகும். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றத்தை அறிந்தவர் அதைத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது.

அப்படியானால் பட்டியலைத் தெருவுக்குத் தரலாமா? 2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின; திருப்பூரே கலங்கிற்று. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்னும் திருமறையின் கட்டளையைக் கைபேசி மறக்கடித்துவிட்டது. மாதந்தோறும் குடிமாறும் லைன் வீடுகளில் ஒரு முகவரி யாரைச் சுட்டும்? குற்றவாளி சித்தப்பனாக இருந்தால், அவன் பெயரே குழந்தையின் பெயரைச் சொல்லிவிடாதா? பெரும்பாலும் இக்குற்றம் செய்பவர் குழந்தைக்குத் தெரிந்தவரே. தெருவில் ஒட்டிய பட்டியல் அயலானைத் தேடும். ஆபத்து வீட்டினுள் இருக்கும்.

எனவே பட்டியல் காவல்துறையிடமே இருக்கட்டும். 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், குழந்தைகளோடு பழகும் நிறுவனங்கள் தம் ஊழியர் அனைவரையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. பள்ளியும் விடுதியும் மட்டுமல்ல, மதரசாவும் அதனைச் செய்யட்டும். கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நானும் என் போன்றோரும் முதலில் அச்சரிபார்ப்புக்கு உட்படுதல் வேண்டும். அதில் இழிவு ஏதுமில்லை.

ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் கூடி இவ்விரு பொருள்களையும் பேசலாம். ஆனால் அங்கே அமர்ந்திருப்போர் உள்ளூர் ஆண்கள். குடத்து நீரைக் குழந்தைக்கு ஊற்றிக்கொடுக்கும் தாய் அங்கே இல்லை. நூற்பாலை விடுதிப் பெண் இல்லை; ஒடியாவோ இந்தியோ பேசும் தொழிலாளி இல்லை. அவர்களிடம் போக வேண்டும். செய்தியை அவரவர் மொழியில் முதலில் சொல்ல வேண்டும். பிறகே கேட்க வேண்டும். விடுதிப் பெண்ணைக் காப்பாளர் அருகில்லாத வேளையில், ஒரு பெண்ணே கேட்க வேண்டும்.