மூவாயிரம் கிலோமீட்டரும் எழுபது வளைவும்

சிங்கப்பூரிலிருந்து திருச்சி எவ்வளவு தூரம் என்று செல்போனில் தட்டினால் சட்டென்று பதில் வந்துவிடும். சுமார் 3,000 கிலோமீட்டர். விமானத்தில் நாலு மணி நேரம் சொச்சம். கொல்லிமலை சோளக்காட்டில் மிளகும் பலாப்பழமும் விற்கும் அந்த அம்மாவின் கணக்கு வேறு. மகன் அங்கே ராத்திரி எட்டு மணிக்கு ஏறுகிறான், ஒன்பதரைக்குத் திருச்சியில் இறங்குகிறான். "ஒன்றரை மணி நேரம்தானே? நான் நாமக்கல் போகவே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகுதே!"

சந்தையில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் அச்சாகியிருக்கும். அதைப் படித்துக் கழித்துப் பார்த்தால் யாருக்கும் இதே விடைதான்.

ஆடி மாதத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது மகன் போனில், "நாளைக்குக் காலையில வந்துருவேம்மா" என்றான். அம்மாவுக்குப் புரியவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஏன் நாளைக் காலை?

விமானம் எட்டுக்கு என்றாலும் ஐந்து மணிக்கே விமான நிலையத்தில் நிற்க வேண்டும். திருச்சியில் இறங்கி, இமிக்ரேஷன் வரிசை முடிந்து வெளியே வரப் பத்தரை. முசிறி, தொட்டியம் வழியாகப் பஸ் நாமக்கல் சேர நள்ளிரவு தாண்டி ஒன்று. அந்த நேரத்தில் மலைக்குப் பஸ் ஏது? டாக்ஸி பிடிக்கலாம்தான், பனி மூடிய ராத்திரியில் மேலே ஏற எல்லா டிரைவரும் சம்மதிப்பதில்லை. விடியும்வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்து, காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் காலை எட்டு. ஆக, கடலைத் தாண்ட நாலு மணி நேரம். திருச்சியிலிருந்து வீடு சேரப் பத்தரை மணி நேரம். சேலத்துக்கு 2023 அக்டோபரில் மறுபடி விமானம் வந்ததே என்பார்கள். அது சென்னை, பெங்களூரு போகிறவர்களுக்கு.

நோயாளிக்கும் அதே பாதைதான். ஆம்புலன்ஸ் ஆனாலும் கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத்தான் திரும்ப வேண்டும். வளைவுக்கு வளைவு நம்பர் போட்ட பலகை உண்டு. எத்தனையோ தடவை போய்வந்த அம்மா, அன்றுதான் அந்த நம்பர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

திருச்சியில் இறங்கியதும் மகன் போனை ஆன் செய்தான். அம்மாவிடமிருந்து நாலு மிஸ்டு கால். கூப்பிட்டான்.

"மேல வராத கண்ணு. அப்பாவைக் கீழ கொண்டாந்துட்டோம். நாமக்கல்லயே எறங்கிக்க."

ஒன்றேகாலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் அம்மா நின்றிருந்தார். உள்ளே அப்பா கண் விழித்துத்தான் இருந்தார். மகனைப் பார்த்ததும், "ராத்திரியில எதுக்குடா வந்த? சாப்பிட்டியா?" என்றார்.