நம்ம ஊர் கேஸும் ஒரு மாணவியின் ஆய்வுக் கட்டுரையும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்ற 2015இல் ஆறாம் வகுப்பு முதல் பெஞ்சில் இருந்தவள். இப்போது ஐந்து வருட சட்டப் படிப்பில் கடைசி வருடம், ஹானர்ஸ். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

"சார், தனியா ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதணும். தலைப்பு நாமளே எடுக்கணும். கைடு வழிதான் காட்டுவாங்க. நான் நம்ம ஊர் கேஸ எடுத்திருக்கேன்" என்றாள்.

நம்ம ஊர் கேஸ் என்றால் வெளியூர் உறவுகளுக்குப் புரியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கு. டேனரிக் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுக்கிறது என்பது புகார். வாதாடியவர் எம்.சி. மேத்தா. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், கெடுதல் வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணம் வரும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் உறுதியாகச் சொன்னார்கள். 'எங்களால் கெடுதல் இல்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவருடையது. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தோடு சேர்த்து ஐந்து மாவட்ட டேனரிகளுக்கும் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். இந்தியாவில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் வேலூர் என்றால் கோட்டையை நினைப்பதில்லை, இந்தக் கேஸைத்தான் நினைக்கிறார்கள்.

அவள் நாற்பது பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். 1972 ஸ்டாக்ஹோம் மாநாடு, 1992 ரியோ மாநாடு, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு, 48ஏ, 51ஏ(ஜி) என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. நான் சட்டம் படித்தவன் இல்லை, சமூக அறிவியல் வாத்தியார். ஆனால் முப்பது வருடம் பேப்பர் திருத்திய கை. படித்து முடித்துவிட்டு, "பாப்பா, தீர்ப்பு என்ன சொல்லுதுன்னு அழகா எழுதியிருக்க. உன் கேள்வி எங்க?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கேள்வி இருக்கு சார். கேக்கத்தான் பயமா இருக்கு" என்றாள்.

அவள் அம்மாவுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்தால் இருட்டித்தான் வீடு திரும்புவார். "என் சம்பளத்துல படிச்சிட்டு என் பொழப்பு மேலயே எழுதப் போறியா?" என்று அம்மா கேட்டாராம். அப்பா வழித் தாத்தாவுக்கோ பாலாற்றங்கரையில் முக்கால் ஏக்கர். தென்னை காய்ப்பு நின்று, கிணற்றுத் தண்ணீர் உப்பாகி, நிலத்தை அப்படியே போட்டுவிட்டார். ஒரே வீட்டில் இரண்டு பக்கமும்.

என் வீட்டிலும் இதே கதைதான். என் அப்பா டேனரித் தொழிலாளி. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட காலம் அது. அந்தக் கூலியில்தான் நான் டீச்சர் டிரெயினிங் முடித்தேன். பிறகு குரோம் வந்தது. என் அம்மா பிறந்த ஊர்க் கிணற்றில் சின்ன வயதில் குடித்திருக்கிறேன். என் பிள்ளைகள் அதில் கை கழுவினதுகூட இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1996இல் தீர்ப்பு வந்த வாரம். சுத்திகரிப்பு வசதியை நவம்பர் 30க்குள் அமைக்க வேண்டும், டிசம்பர் 15க்குள் அனுமதி பெறாத டேனரிகளை மூட வேண்டும் என்று செய்தி. ஊரே அதைத்தான் பேசியது. எட்டாம் வகுப்பில் அடிப்படைக் கடமைகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "சார், டேனரிய மூடிட்டா எங்கப்பா எங்க சார் போவாரு?" என்றான். பக்கத்தில் இருந்தவன், "மூடலன்னா எங்க கெணறு என்ன சார் ஆவும்?" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இது பாடத்துல இல்ல, உக்காருங்கடா" என்றேன். பதில் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இதை அவளிடம் சொன்னேன். "தீர்ப்பே ஆலையா தண்ணியான்னு கேக்கலம்மா. தோல் தொழில் நாட்டுக்கு அவசியம்னு சொல்லிட்டு, அதுக்காக நிலத்தையும் நீரையும் அழிக்க உரிமை இல்லன்னு சொல்லுது. நீ அம்மாவுக்கு எதிரா எழுத வேண்டாம். தாத்தாவுக்கு வரவேண்டியது ஏன் இத்தனை வருஷமா இழுக்குதுன்னு கேளு" என்றேன்.

அங்கிருந்துதான் அவள் கட்டுரை தொடங்கியது. தேதிகளை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதச் சொன்னேன். வழக்கு 1991. தீர்ப்பு 1996. இழப்பைக் கணக்கிட ஒரு ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் அமைத்ததும் அதே வருடம். ஆணையம் தொகையை அறிவித்தது 2001 மார்ச்சில்: வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், 547 டேனரிகள், சுமார் 26.82 கோடி ரூபாய். 2009இல் இன்னொரு உத்தரவு. பிறகு 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்கிறது: இன்னும் கிடைக்காதவர்களுக்கு அரசு ஆறு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்ததை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், கண்காணிக்க ஒரு குழு வேண்டும். 1991இல் கைக்குழந்தையாக இருந்தவருக்கு 2025இல் 34 வயது.

"அந்த 26.82 கோடியை 29,193ஆல வகுத்துப் பாரு" என்றேன். போனில் போட்டுப் பார்த்தாள். சராசரி ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய்கூட வரவில்லை. ஒரு நல்ல போர்வெல் போடக்கூட இது காணாது. அந்த இடத்தில் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். கேள்வி பிறந்துவிட்டது.

பிறகு அவள் வேலை செய்த விதம்தான் எனக்குப் பிடித்தது. பத்திரிகைச் செய்தியை நம்பி எழுதவில்லை. தீர்ப்புகளை முழுதாகப் படித்தாள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டாள். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டியது. அந்தப் பதிலையும் பின்னிணைப்பில் சேர்த்தாள். "பதில் கிடைக்காததும் ஒரு தகவல்தான் சார்" என்றாள். மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்துவிட்டதால் பழைய கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதே பெரிய வேலையாம்.

இரண்டு கிராமங்களில் பதினோரு பேரிடம் பேசினாள். பெயர் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பேசினாள். அதில் ஒரு பாட்டி, காலம் முழுக்க அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர், சொன்னாராம்: "நெலம் அவங்களுது, பணம் வந்தா அவங்களுக்கு. கெணறு கெட்டதுல எனக்குக் கூலி போச்சே, அத யாரு எழுதிக்கினாங்க?" இழப்பு என்பதைப் பட்டாவை வைத்து எண்ணுவதா, பிழைப்பை வைத்து எண்ணுவதா? கட்டுரையின் கடைசி அத்தியாயம் முழுக்க இந்தக் கேள்விதான். இது எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததில்லை. பாட்டி கொடுத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை முடித்த கட்டுரையோடு வந்தாள். அம்மாவும் கூட வந்திருந்தார். ராத்திரியில் மகள் அதைத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டாராம். "தப்பா ஒண்ணும் எழுதல சார். எங்க வேலையும் இருக்கணும், தண்ணியும் இருக்கணும்னுதான் எழுதியிருக்கா" என்றார். எந்த மார்க்கும் இதற்கு ஈடில்லை.

கல்லூரியில் படிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று. ஆய்வு என்றால் பெரிய பெரிய வார்த்தை இல்லை. உன் வீட்டில் கேட்கப் பயப்படுகிற கேள்வியை, ஆதாரத்தோடு, யாரையும் காயப்படுத்தாமல் கேட்பதுதான்.

எட்டாம் வகுப்பில் எழுந்து கேட்ட அந்த இரண்டு பேருக்கும் ஒன்று. இப்போது உங்களுக்கும் நாற்பது தாண்டியிருக்கும். இதைப் படித்தால் ஒரு போன் பண்ணுங்கள். அன்று உட்காரச் சொன்னதற்கு மன்னியுங்கள். கேள்வி பாடத்தில்தான் இருந்தது. வாத்தியார்தான் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய சமூக அறிவியல் வாத்தியார்