டயலைத் திருப்பினால் விளக்கு மினுக்குகிறது

மலாக்காவின் மெர்லிமாவ் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் செம்பனைத் தோட்டத்து உள்பாதைகள் சேறாகிவிடும். கடல் அதிக தூரமில்லை. தாழ்வான காடுகளில் எல்லாம் களிமண். உர மூட்டைகளோடு போன பிக்கப்பின் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று பள்ளம் பறிக்கின்றன. ஓட்டுநர் டயலை இரு சக்கர ஓட்டமான எச்2-விலிருந்து நான்கு சக்கர ஓட்டமான எச்4-க்குத் திருப்புகிறார். டேஷ்போர்டில் விளக்கு நிலைத்து எரிய வேண்டும், மினுக்கிக்கொண்டே இருக்கிறது. முன்சக்கரங்கள் இழுக்கவே இல்லை.

டிராக்டர் கட்டி வெளியே எடுத்த அந்த வண்டி மறுநாள் காலை, மலாக்காவிலிருந்து மூவார் போகும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையை ஒட்டிய ஒரு தமிழர் பட்டறையில் நின்றது. கொண்டுவந்தவர் தோட்டங்களில் உரம் போடும் வேலையைக் குத்தகைக்கு எடுப்பவர். ஏற்கெனவே வேறோர் இடத்தில் காட்டியிருந்தார்.

"கம்ப்யூட்டர் போயிடுச்சு, மாத்தணும்னு சொல்றாங்க பாஸ்."

பட்டறைக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. "கம்ப்யூட்டர கடைசியா பாக்கலாம். மொதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க" என்று தொடங்கினார். பேட்டரி எப்போது மாற்றியது? நான்கு டயரும் ஒரே அளவா? தண்ணீரில் எவ்வளவு ஆழம் இறக்கினீர்கள்? இதற்கு முன் டயலைத் திருப்பியது எப்போது?

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு. பேட்டரி சோர்ந்திருந்தால் மோட்டார் பாதியில் நின்றுவிடும். முன்னும் பின்னும் டயர் அளவு வேறுபட்டால் உள்ளே பற்சக்கரங்கள் இறுகிக்கொண்டு மாற மறுக்கும். மாதக்கணக்கில் தொடாமல் விட்டாலும் கெடுதிதான். டொயோட்டாவின் கையேடுகள் சிலவற்றில் மாதம் 16 கிலோமீட்டராவது நான்கு சக்கரத்தில் ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள், முன்பக்க உறுப்புகளுக்கு எண்ணெய் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. குத்தகைக்காரர் யோசித்துவிட்டு, "போன மழைக்குத் திருப்பினது, நடுவுல தொடவே இல்ல" என்றார்.

டயல் வைத்த பிக்கப்பில் ஓட்டுநரின் கை எந்தப் பற்சக்கரத்தையும் நேராகத் தொடுவதில்லை. டயல் ஒரு சுவிட்ச். அது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி சொல்கிறது. பெட்டி, கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மோட்டாரை ஓட்டுகிறது. பல வண்டிகளில் முன் டிஃபரன்ஷியலில் இன்னொரு மோட்டாரும் உண்டு. முந்திய சில மாடல்களில் அந்த வேலையை வேக்குவம் குழாய்கள் செய்தன. மோட்டார் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள சிறு சுவிட்ச், 'ஆயிற்று' என்று பெட்டிக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராதவரை விளக்கு மினுக்கும். மினுக்குவதால் மட்டும் பெட்டி கெட்டுவிட்டது என்று ஆகாது. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்றுதான் அது சொல்கிறது.

பட்டறைக்காரரின் தகப்பனார் தோட்டத்து ஓட்டுநர். துரைமார் லேண்ட்ரோவரில் காடு சுற்றிய காலம். அந்த வண்டியில் மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரம், சிவப்புக் குமிழ் பிடியை இழுத்தால் லோ கியர். பற்சக்கரம் சேர்ந்ததா இல்லையா என்பது உள்ளங்கைக்கே தெரிந்துவிடும். லயத்தில் பிறந்த மகன் பள்ளியை விட்டதும் சீனத் தவுக்கே ஒருவரின் பட்டறையில் ஸ்பானர் கழுவி, பிறகு ஸ்பானர் பிடித்து, கடைசியில் வயரிங் கற்றார். தோட்டம் ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தபோது லயத்துக் குடும்பங்கள் பல பட்டணத்துக்கு இறங்கின. இந்தக் குடும்பமும் இறங்கியது. மெர்லிமாவ் அடங்கிய ஜாசின் மாவட்டத்து மண்ணுக்கு இந்த மாற்றங்கள் புதிதல்ல. மலாயாவில் வியாபாரத்துக்கு ரப்பர் நட்ட முதல் ஆட்களில் ஒருவரான டான் சாய் யான், 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கியதும் மலாக்காவில்தான்.

ஸ்கேனரில் வரிவரியாக வந்த எண்களை அவர் ஒரு முறை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். எந்தச் சுற்றில் கோளாறு என்பதை எண் சொல்லும். எந்தப் பாகம் என்பதைச் சொல்லாது. சாவியைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல், உதவியாள் தம்பியை டயலைத் திருப்பச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். டிரான்ஸ்ஃபர் கேஸில் 'கிர்ர்' என்று சத்தம் கேட்டது. முன்பக்கம் மூச்சே இல்லை. தேட வேண்டிய இடம் அதோடு பாதியாகக் குறைந்தது.

பிறகு எடுத்ததுதான் டெஸ்ட் லைட். பழைய ஸ்குரூடிரைவர் பிடிக்குள் 12 வோல்ட் சின்ன பல்பு, கூரான முனை, மறுபுறம் கவ்வியோடு ஒரு வயர். அவரே செய்தது. பக்கத்திலேயே நல்ல டிஜிட்டல் மீட்டரும் இருந்தது. முன் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, தம்பி டயலைத் திருப்பும்போது மீட்டரால் தொட்டார். 12 வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. அதே முனையில் டெஸ்ட் லைட்டை வைத்தார். பல்பு கங்கு போல மங்கலாகச் சிவந்து நின்றது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் அளவில் இருக்கும். வயரிலிருந்து அது கிட்டத்தட்ட மின்னோட்டமே இழுப்பதில்லை. ஒரே ஓர் இழை மிஞ்சிய வயரிலும் முழு வோல்ட்டேஜைக் காட்டும். பல்பு மின்னோட்டம் இழுக்கும். சுமை கொடுத்தால்தான் வயரின் உண்மையான பலம் தெரியும். இதைத் தெரியாதவர்கள், 'கரண்ட் சரியா வருது, மோட்டார்தான் போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் சென்சார் வயரில் அவர் டெஸ்ட் லைட்டை வைக்கவே மாட்டார். பல்பு இழுக்கும் மின்னோட்டம் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய சுற்றைச் சுட்டுவிடலாம். அங்கே மீட்டர் மட்டும்தான்.

வயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனார். சேஸியை ஒட்டி வளையும் இடத்துக்கு முன்னால் தொட்டால் பல்பு பளிச்சென்று எரிந்தது, வளைவுக்கு அப்பால் மங்கியது. டேப்பைப் பிரித்ததும் பச்சைக் களிம்பு தூளாக உதிர்ந்தது. உள்ளே செம்பு கறுத்து, இரண்டு மூன்று இழைதான் பாக்கி. பொட்டாஷ் உரமும் ஒரு வகை உப்புதான். அது மழைநீரில் கரைந்து வயர் உறைக்குள் ஊறினால் செம்பை அரித்துவிடும். சிவந்த செம்பு தெரியும்வரை வெட்டினார், புது வயர் சேர்த்து ஈயம் வைத்தார், சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடினார். மோட்டாரையும் விடவில்லை. மூடியைத் திறந்தால் துரு கலந்த தண்ணீர். கார்பன் பிரஷ் சிக்கியிருந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி, காற்றுக்குழாயின் வாயை எஞ்சின் பக்கம் உயர்த்திக் கட்டினார்.

முன்பக்கம் இரண்டு சக்கரமும் ஸ்டேண்டில் தூக்கி நின்றன. எச்4-இல் ஒரு சக்கரத்தைக் கையால் முன்னே உருட்டினால் மற்றது பின்னே உருள வேண்டும். உருண்டது. விளக்கும் நிலைத்து எரிந்தது. "தார் ரோட்டுல திருப்பாதீங்க. செம்மண் ரோட்டுல மாசம் ஒரு வாட்டி ஓட்டுங்க" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

குத்தகைக்காரர் புதுப் பெட்டி வாங்கியிருந்தால் உரம் போட்டுச் சம்பாதித்த வெள்ளி அதிலேயே போயிருக்கும். விளக்கோ மினுக்கிக்கொண்டே இருந்திருக்கும். கார்பன் பிரஷ் ஒரு சின்னத் துண்டு. அதைத் தனியாகக் கேட்டால், மோட்டாரை முழுசாகத்தான் தருவோம் என்கிறார்கள் பல கடைகளில். இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று ஒவ்வொரு கையும் தன் பங்கை ஏற்றுகிறது. எல்லாப் பாரமும் சேற்றில் நிற்கிறவன் தலையில் இறங்குகிறது. பழுது பார்க்கத் தெரிந்தவனுக்குக் கூலி கொடுக்கத் தயங்குகிற சந்தை, தெரியாமல் மாற்றுகிறவனுக்குக் கமிஷன் கொடுக்கிறது. இது அநியாயம். பழைய வண்டிகளை வெட்டி விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் பாகம் தேடி அலைவது இந்த அநியாயத்துக்கு ஏழைகள் கண்டுபிடித்த வழி.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2012-இல் மக்கள் வாக்களித்து, வண்டித் தயாரிப்பாளர்கள் பழுதுபார்ப்புத் தகவல்களை வெளிப் பட்டறைகளுக்கும் கொடுக்கச் செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல் அதற்கென்றே சட்டத் திட்டம் நடப்பில் இருக்கிறது. வயரிங் படம் நியாயமான விலைக்கு மெர்லிமாவ் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும். வயரைத் தடவித் தடவி அவர் செலவழித்த காலைப்பொழுதில் பாதி, அந்தப் படம் இல்லாததால் போனது.

பட்டறையில் தொழில் கற்றவர்களுக்கு இன்னொரு கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழை, வகுப்பில் உட்காராமல், செய்த வேலைக்கான சான்றுகளைக் காட்டியும் பெறலாம். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமலே வயதாகிவிடுகிறது. உதவியாள் தம்பிக்குப் பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். அரித்த வயர், திறந்த மோட்டார், ஈயம் வைத்த இணைப்பு என்று வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் அவன் கைப்பேசியில் படமெடுத்துத் தேதி போட்டுக் கோப்பில் சேர்க்கிறான். வேக்குவம் குழாய் வண்டியில் செய்த வேலைக்கு மட்டும் அதில் இன்னும் படம் இல்லை. அடுத்து வரும் பழைய பிக்கப்பைத் தன்னிடமே விட வேண்டும் என்று கேட்டு வைத்திருக்கிறான்.